மதிலில்லாத கேட்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேட் இருக்கிறது. மதில் இல்லை. லிந்துலையிலிருந்து மேலே ஏறும் பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் கல் ரோட்டில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கேட்தான். இரண்டு தடித்த சீமெந்துத் தூண், நடுவில் பச்சை அடித்த இரும்புக் கதவு. ஒரு தூணில் பள்ளிக்கூடத்தின் பெயர். மற்றத் தூணில் கேட்டைத் திறந்துவைத்த அரசியல்வாதியின் பெயர், அது கொஞ்சம் பெரிய எழுத்தில். தூண்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புல். புல்லுக்கு அப்பால் தேயிலை. மதில் அடுத்த தேர்தலுக்கு வரும் என்றார்கள். தேர்தல்கள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நான் அங்கே ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஹட்டனிலிருந்து தினமும் வந்துபோகிறவள். வந்த புதிதில் ஒருநாள் கேட் பூட்டியிருந்தது. நானும் படித்த மனுஷியாக வெளியே நின்று கம்பியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள். தூணைச் சுற்றி என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து, அதே வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என் மானம் இன்னும் கொஞ்சம் போயிருக்கும்.

அந்தப் பெண் பிறகு என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். பேச்சும் அப்போது தொடங்கியது, நிற்கவேயில்லை. கணக்கில் கெட்டிக்காரி. கரும்பலகையில் நான் கணக்கைப் போட்டு முடிக்குமுன் விடையைச் சொல்லிவிட்டு, டீச்சர் எங்கே பிழை விடுகிறாள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூடையில் மாம்பழம் இருக்கிறது என்று கேள்வி வந்தால், மாம்பழம் பெட்டியில்தானே வரும், கூடையில் யார் போட்டது என்று கேட்பாள். அந்த வருஷம் ஆகஸ்டில் அவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. நல்ல புள்ளி எடுத்தால் டவுனில் பெரிய பள்ளிக்கூடம், விடுதி, மேலே படிப்பு. எங்கள் பள்ளியிலிருந்து வெகு காலமாக யாரும் அப்படிப் போகவில்லை. இவள் போவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. கண் பட்டுவிடும் என்று வெளியே சொல்லாமல் இருந்தேன்.

அப்போதுதான் அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது.

நான் ஹட்டனில் மாதா கோயில் பூசையில் இருந்தேன். முடிந்து வெளியே வந்தால் எல்லார் கையிலும் போன். கொழும்பில் கோயிலில் குண்டு என்றார்கள். பிறகு ஹோட்டலில் என்றார்கள். பிறகு நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. என் பக்கத்தில் நின்ற பெண்ணின் அக்கா கொழும்பில் அந்தக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தாள். இவள் போனை அடித்துக்கொண்டே இருந்தாள், அங்கே யாரும் எடுக்கவில்லை. பின்னேரம்தான் அக்கா எடுத்தாள். அதுவரை நாங்கள் அத்தனை பேரும் கோயில் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த நாளைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு வராது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை வேறு எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

முன்கூட்டியே தகவல் வந்திருந்ததாம். வெளிநாட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அது ஒரு மேசைக்கு வந்து, அடுத்த மேசைக்குப் போய், அங்கேயே உட்கார்ந்துவிட்டதாம். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் நாளைக்கு மேனேஜர் துரை மலைக்கு வருகிறார் என்றால், இன்று பொழுது சாய்வதற்குள் கடைசி லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா வீடு வரைக்கும் செய்தி போய்விடும். யாரும் மேசை போட்டு உட்கார்ந்து அதைச் செய்வதில்லை. ஒரு நாட்டின் தலைநகரத்துக்குக் குண்டு வருகிறது என்ற செய்தி, தலைநகரத்துக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

இது முதல் தடவை என்றாலாவது மன்னித்து விடலாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கொழும்பில் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. யுத்த காலத்தில் பஸ்ஸில் வெடிக்கும், ரயிலில் வெடிக்கும், கடைத்தெருவில் வெடிக்கும். கொழும்பில் வெடித்தால் மறுநாள் விடிய பொலிஸும் ஆமியும் எங்கள் லயத்துக்கு வந்து அரிசிப் பானைக்குள் கையை விடுவார்கள். என் அப்பா ரேடியோவில் செய்தி கேட்டதும் அம்மாவிடம் வீட்டைக் கூட்டி வைக்கச் சொல்வார். ஆட்கள் வருவார்கள், குப்பையாக இருந்தால் நன்றாக இருக்காது என்பார். கிறிஸ்மஸுக்குக் கூட்டியதைவிட என் அம்மா சோதனைக்குக் கூட்டியதுதான் அதிகம்.

கொழும்புக்குப் போகிற பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். நாங்கள் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து அந்தப் பக்கம் போய் நிற்போம். பஸ் வெறுமையாக எங்கள் பின்னால் வரும். அவசரத்தில் பாதிப் பேர் மூட்டையை மேலே தட்டிலேயே விட்டு இறங்கியிருப்பார்கள். மனிதர்கள் அத்தனை பேரையும் தடவிப் பார்த்துவிட்டு, மூட்டைகள் அத்தனையையும் ஜன்னலோரமாகச் சொகுசாகப் போக விட்ட ஒரே தேசம் நாமாகத்தான் இருக்கும். இதை ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார்.

ஈஸ்டருக்குப் பிறகு, குண்டு வைத்தவர்களின் பெயர்கள் வெளியானதும், சோதனை எங்களை விட்டு முஸ்லிம்கள் பக்கம் போனது. தலவாக்கலையில் ஸ்கூல் பேக் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகள் முதுகில் தொங்குகிற பையில் பாதி அவர் கடையில் வாங்கியதுதான். அவர் கடையை வந்து வந்து புரட்டிப் போட்டார்கள். நான் போனபோது கீழே கிடந்த பைகளைத் தூசு தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டு பையைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

“இவ்வளவு காலமும் ஒங்கட டூட்டி. இப்ப எங்கட டூட்டி. ஷிப்ட் மாறியிருக்கு டீச்சர், அவ்வளவுதான்.”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே வந்து பஸ்ஸில் ஏறியதும் அழுகை வந்தது.

பள்ளிக்கூடங்கள் திறந்தபோது கூடவே ஒரு சுற்றுநிருபமும் வந்தது. தினமும் காலையில் பெற்றோர் முறை வைத்து வாசலில் நின்று பிள்ளைகளின் பைகளைச் சோதிக்க வேண்டும். யாராக இருந்தாலும் பிரதான வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் பள்ளிக்கூட அதிபர் நல்ல மனுஷன். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கேட்டின் பூட்டுக்கு எண்ணெய் போட்டார். கதவுக்குப் புதிதாகப் பச்சை அடித்தார். மதிலைப் பற்றிச் சுற்றுநிருபத்தில் எதுவும் இல்லை, ஆகவே அவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தோட்டத்தின் மேல் பிரிவு லயங்களில் இருந்து வருகிறவர்கள். மலைக்குள்ளால் இறங்கும் ஒற்றையடிப் பாதை அவர்களை நேரே பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், கழிவறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடும். கேட்டுக்குப் போக அவர்களுக்கு வேறு பாதை கிடையாது. ஆகவே முதல் நாள் காலை பிள்ளைகள் பின்பக்கமாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார்கள். பையோடு மைதானத்தைக் கடந்தார்கள். வகுப்பறைகளைக் கடந்தார்கள். அதிபர் கேட்டைத் திறந்து அவர்களை வெளியே அனுப்பினார். வெளியே வரிசையில் நின்று, பையைச் சோதிக்கக் கொடுத்து, திரும்பவும் உள்ளே வந்தார்கள். சோதிக்காமல் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் அதிபர் கண்டிப்பாக இருந்தார்.

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, உள்ளேதான் இருக்கிறேனே, எதற்கு வெளியே போகிறேன் என்று அழுதது. அதன் மூக்கைத் துடைத்து வரிசையில் நிறுத்தினோம்.

அந்த முதல் வாரம் என் கணக்குக்காரி வரவில்லை. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள், அவளை மட்டும் காணவில்லை. என்ன என்று கேட்டு ஆள் அனுப்பினேன். அவளுடைய அம்மாவே வந்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும், கொழுந்து எடுக்கிறவள். மலையிலிருந்து நேரே வந்திருந்தாள், இடுப்பில் சேலைக்கு மேல் கட்டிய படங்குச் சாக்கைக்கூடக் கழற்றவில்லை. அதிக நேரம் எடுக்கவில்லை. வாசலில் தான் நிற்பதாக இருந்தால் பிள்ளை வரும், இல்லாவிட்டால் வராது என்றாள். முறை வைத்து எல்லாரும் நிற்கிறார்களே என்றேன். மற்றவர்கள் நிற்பதைத் தான் பார்த்ததாகவும், பையைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடுகிறார்கள் என்றும், அது சோதனை இல்லை என்றும் சொன்னாள். தினமும் காலையில் வந்து நின்றால் காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் பிந்துமே, கங்காணி அரைப் பேர், பாதிச் சம்பளம்தானே போடுவார் என்று கேட்டேன். அது என் பாடு, நீங்கள் படிப்பைப் பாருங்கள் என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் வாசலில் நின்றாள். அவளுடைய சோதனையை நான் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை சாக்கை வாங்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவுவார். மேலே இளங்கொழுந்தைப் பரப்பி அடியில் முற்றிய இலையை ஒளித்திருக்கிறார்களா, ஈரம் இருக்கிறதா என்று விரலாலேயே பார்ப்பார். கண் வேறெங்கோ இருக்கும். வாழ்நாள் முழுக்கக் கணக்கப்பிள்ளையின் கையைப் பார்த்துச் சலித்துப்போன ஒருத்தியிடம் சோதிக்கும் உத்தியோகத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அதே மாதிரி முழங்கை வரை கையை விட்டாள். கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டு துழாவினாள். வேண்டாதது கையில் பட்டால் வெளியே எடுத்து, பக்கத்தில் விரித்து வைத்திருந்த சாக்கில் போட்டாள்.

அவளுக்கு வேண்டாதவை என்னென்ன என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் நாள் சாக்கில் சேர்ந்தவை: நேற்றைய ரொட்டி, யாருடைய தோட்டத்திலோ பறித்த பேரிக்காய்கள், ஒரு கைக்கண்ணாடி, அப்பாவின் பீடிக்கட்டு, உயிரோடு ஒரு தவளை. தவளையைப் பிடித்தபோதும் அவள் கண் வானத்தில்தான் இருந்தது. பேரிக்காயைத் திருப்பிக் கேட்ட பையனிடம் முத்தல் என்றாள்.

உள்ளே இருப்பது தெரிகிற பை வேண்டும் என்று பிறகு ஒரு கதை கிளம்பியது. நானாவின் கடையில் கண்ணாடிப் பைகள் ஒரே நாளில் தீர்ந்துபோயின. பிள்ளைகள் வாங்கிய கையோடு பைக்குள் பேப்பரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். மத்தியானத்துக்கு வெறும் ரொட்டிதான் கொண்டுபோகிறோம் என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா? ஆகவே திரும்பவும் முழங்கை வரை கைதான்.

டீச்சர்மாருக்கும் விலக்கு இல்லை. என் பைக்குள் கையை விட்டாள். பவுடர் டப்பா, முறுக்குப் பொட்டலம், சீப்பு எல்லாவற்றையும் தொட்டுத் தாண்டிப் போன கை ஒரு காகிதக் கட்டில் நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தாள். பிள்ளைகளின் பயிற்சித் தாள்கள். சிவப்பு மையைத் தேடி இரண்டு மூன்றைப் புரட்டினாள். பிறகு உள்ளே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று இடைவேளையில் நான் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அத்தனையையும் திருத்தி முடித்தேன். அவள் மகள் தன் தாளை வாங்கி, நான் போட்ட புள்ளிகளைக் கூட்டிச் சரிபார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அம்மா வாசலில் நின்றாள், மகள் வகுப்பில் இருந்தாள், பரீட்சை நெருங்கி வந்தது. அப்போது பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்வையிட மேலே இருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. கூடவே ஒரு பொலிஸ் சார்ஜன்ட். அதிபர் தூண்களைக் கழுவினார். கேட்டில் நிற்கிறவளிடம், வருகிறவர்கள் பெரிய ஆட்கள், ஆனாலும் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், மரியாதையாகச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி வைத்தார். அவள் அன்றைக்கு நல்ல சேலை கட்டி, ஊசி குத்திக்கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு முழுப் பேரும் போகும் என்று தெரிந்தும் வந்திருந்தாள்.

மழை பெய்து கல் ரோடு அரித்துப்போயிருந்தது. ஜீப் ஏறாது என்று டிரைவர் சொல்லிவிட்டான். அதிகாரி மேல் பிரிவு வழியாகச் சுற்றி வந்து, ஜீப்பை அங்கே விட்டுவிட்டு, மலைக்குள்ளால் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கழிவறைக்குப் பக்கத்தால் பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர்ந்தார். சார்ஜன்ட் பின்னால் சப்பாத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டே வந்தார். அவர்களை முதலில் கண்டது பந்து பொறுக்கப் போன பிள்ளைகள். குட் மோர்னிங் சேர் என்று கத்தின. அதிபர் ஓடிப்போய்க் காரியாலயத்தில் உட்கார வைத்தார். தேத்தண்ணீரும் கேக்கும் கொடுத்தோம். அதிகாரி சம்பவத்திரட்டுப் புத்தகத்தை வாங்கி, பாதுகாப்பு ஏற்பாடுகள் திருப்திகரம் என்று அழகான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவும் நடந்து முடியும் வரை அவள் அங்கே கேட்டில், ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

பிறகுதான் அதிபருக்குக் கேட்டைக் காட்டவில்லையே என்று நினைவு வந்தது. எல்லாருமாகப் போனோம். முதுகுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். இவர்கள் எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்று அதிபரிடம் மெதுவாகக் கேட்டாள். ரோடு சரியில்லை அல்லவா, பின்பக்கமாக வந்தார்கள் என்றார் அதிபர். அவள் மைதானத்துக்கு அப்பால் கழிவறைப் பக்கத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அதிகாரியின் பைக்குக் கையை நீட்டினாள். நாங்கள்தான் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டோமே என்று அதிகாரி சிரித்தார்.

“ஸ்டோர்லயும் வெளிய போறப்பதாங்க சேர் பாப்பாங்க.”

தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வெளியே வருகிறவர்களைத்தான் சோதிப்பார்கள், தூளை மடியில் கட்டிக்கொண்டு போகிறார்களா என்று. சார்ஜன்டுக்கும் தமிழ் புரிந்தது போல, அவரும் சிரித்தார். அதிகாரி பையைக் கொடுத்தார். முழங்கை வரை கை போனது. தண்ணீர்ப் போத்தல் வந்தது. கோப்பு வந்தது. அதிபர் அன்பளிப்பாகக் கொடுத்த தேயிலைப் பக்கெட் வந்தது. எங்கள் கேக்கில் இரண்டு துண்டு, டிஷ்யூவில் பத்திரமாகச் சுற்றியபடி வந்தது. அவள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, இரண்டு கையாலும் கொடுத்தாள். போகலாம் சேர் என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

அவர்கள் போனதும் அவள் நேரே என் வகுப்புக்கு வந்தாள். நான் சிரித்த முகத்தோடுதான் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, பையை எடு என்றாள். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. நான் என்ன என்று கேட்பதற்குள் இரண்டு பேரும் வெளியே இறங்கிவிட்டார்கள். கேட்டுப் பக்கம் போகவில்லை. அதிகாரி வந்த வழியாகவே, கழிவறையைத் தாண்டி, மலைக்குள் ஏறிப் போனார்கள்.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அன்று பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்தப் பாதையில் ஏறினேன். செருப்பு வழுக்கி இரண்டு முறை தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்தேன். அவர்களுடைய காம்பராவில் பிள்ளை இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகில் ஸ்கூல் பேக் தொங்கியது. வந்ததிலிருந்து கழற்றவில்லை, சோறு தின்னும்போதும் இப்படித்தான் என்று அவள் அம்மா சொன்னாள். எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பரீட்சை கிட்டே வந்துவிட்டது, இவளை மாதிரி ஒரு பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை, இந்த மலைப் பள்ளிக்கூடத்துக்கு எவன் மெனக்கெட்டுக் குண்டு கொண்டு வரப்போகிறான் என்று கேட்டேன். அவள் நான் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, தன் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அண்ணன் யுத்த காலத்தில் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றானாம். தீபாவளிக்கு வந்துவிட்டு, முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறான். போன அன்றே கடைத்தெருவில் வெடித்தது. அவன் நல்லபடியாக வந்து சேர்ந்தான் என்று கடைக்காரரிடம் போனில் கேட்டுச் சொன்ன அதே ஆள்தான், பின்னேரம் அவன் இல்லை என்றும் வந்து சொன்னான்.

“வழி நெடுக செக் பண்ணியிருக்காங்க டீச்சர். பஸ்ஸ நிப்பாட்டிப் பண்ணியிருக்காங்க, கோட்டையில எறங்குனதும் பண்ணியிருக்காங்க, கடைத் தெருவுக்குள்ள போறப்பவும் பண்ணியிருக்காங்க. கூடப் போன பையன் சொன்னான். அதிரசத்தக்கூட பிச்சுப் பாத்தாங்களாம். எங்கண்ணனத்தான் அத்தன பேரும் பாத்திருக்காங்க. குண்ட யாரும் பாக்கல.”

காரியம் முடிவதற்குள் இந்தக் காம்பராவுக்கும் சோதனைக்கு வந்தார்களாம். குண்டில் செத்தவன் வீட்டில் குண்டு இருக்கிறதா என்று பார்க்க. அவளுடைய அம்மா ஒன்றும் பேசாமல் அரிசிப் பானையைத் திறந்து காட்டினாளாம். அதன் பிறகு மகளான இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஒரு பிள்ளையைக் கொடுத்தது போதும் என்றாளாம். இவளும் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தவள்தான்.

பிள்ளை பென்சிலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டைப் பார்த்தும், தவளையைப் பார்த்தும், அதிகாரியின் கேக்கைப் பார்த்தும் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? பயப்பட வேண்டாம் என்று அந்த அதிகாரிகூடத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, போய் வருகிறேன் அக்கா என்று எழுந்தேன். வழுக்கும் பார்த்துப் போங்கள் என்றாள். இறங்கும்போது பிள்ளை பின்னால் ஓடி வந்து, நான் தப்பாகப் போட்ட ஒரு விடையைப் பயிற்சிப் புத்தகத்தில் காட்டினாள். திருத்திக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது தூரத்திலேயே தெரிந்தது. கேட்டுக்கு வெளியே அவள் நின்றாள். படங்கு கட்டியிருந்தாள், பெரட்டுக்குப் போகிற கோலம். பக்கத்தில் சாக்கு விரித்திருந்தது. வரிசையில் முதலாவதாக அவளுடைய மகள். கை பைக்குள் முழங்கை வரை போயிருந்தது, கண் வானத்தில் இருந்தது. துழாவி முடித்து ஜிப்பை மூடி, பிள்ளையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினாள். பிள்ளை ஓடினாள்.

நான் கிட்டே போய் நின்றேன். எனக்கு நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருந்தது, எதற்கு என்று தெரியாமலும் இருந்தது. பின்னால், தூண்களுக்கு இரண்டு பக்கமும் எப்போதும் போல ஒன்றுமில்லை. பக்கத்து லயத்து ஆடு ஒன்று அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவளும் அதைத்தான் பார்த்தாள்.

“குண்டு வச்சவன இந்த நாட்டுல ஒருத்தரும் நிப்பாட்டல டீச்சர். எங்கம்மா என்னய நிப்பாட்டுனாங்க. இப்ப நா எம் புள்ளய நிப்பாட்டிட்டேன்னா, இத்தன வருசத்துல ஒழுங்கா நிப்பாட்டுனது நாங்க ரெண்டு பேருமாத்தான் இருப்போம்.”

அதைச் சொல்லிவிட்டு என் பைக்காகக் கையை நீட்டினாள்.